மேப்ஸ், ஸ்லைசஸ் இரண்டும் கோ-வில் எந்தப் பதிப்பில் சேர்ந்தன? 1.21-ஆ, 1.23-ஆ?

பருப்புமண்டி, யாங்கோன்

எல்லாருக்கும் வணக்கம். கோ நிரல் மொழியில் எழுதுகிறவர்கள் யாராவது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், ரொம்பத் தேவைப்படுகிறது.

பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மொத்த வியாபாரிக்கு இருப்புக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உளுந்து, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை என்று சரக்குவாரியாக எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரு மேப்பில் (பெயருக்கு எதிரே மதிப்பு வைக்கும் அட்டவணை) இருக்கும். கடை கட்டும் நேரத்தில் அந்தப் பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். இதற்காக கோலாங்.ஆர்க்/எக்ஸ்/எக்ஸ்ப் என்ற இடத்திலிருந்து மேப்புக்கான மேப்ஸ், ஸ்லைஸ் எனும் பட்டியலுக்கான ஸ்லைசஸ் ஆகிய இரண்டு பேக்கேஜையும் எடுத்து வைத்திருந்தேன், நன்றாக ஓடியது.

இந்த இரண்டும் கம்பைலரோடு (நிரலை ஓடும் ஃபைலாக மாற்றும் மென்பொருள்) வரும் நிலையான நூலகத்தில் சேர்ந்துவிட்டன, இனி வெளியிலிருந்து இறக்க வேண்டாம் என்று பல இடங்களில் படித்தேன். சரி என்று இம்போர்ட் வரியை வெறும் மேப்ஸ், வெறும் ஸ்லைசஸ் என்று மாற்றினேன். என் உபுண்டு 24.04-இல் இருப்பது கோ 1.22. அதில் ஸ்லைசஸ் கிடைக்கிறது, மேப்ஸும் கிடைக்கிறது, ஆனால் மேப்பில் உள்ள பெயர்களைத் தரும் மேப்ஸ்.கீஸ் மட்டும் அன்டிஃபைன்ட், அப்படி ஒன்றே இல்லை, என்கிறது. வரிசைப்படுத்தும் ஸ்லைசஸ்.சார்ட்ஃபங்க் வேறு, நான் கொடுக்கும் ஃபங்க்ஷன் பூல் (ஆம்/இல்லை) திருப்புகிறது, எனக்கு இன்ட் (முழு எண்) வேண்டும் என்று நிற்கிறது. கூட வேலை பார்க்கும் நண்பரிடம் டெபியன் 12 இருக்கிறது, அங்கே ஸ்லைசஸ் என்ற பேக்கேஜே கோரூட்டில் (கோ நிறுவிய ஃபோல்டர்) இல்லையாம். யாரோ சொன்னார்கள் என்று கோ.மாட்-இல் (நிரலுக்கு எந்தப் பதிப்பு, எந்த நூலகம் தேவை என்று எழுதி வைக்கும் ஃபைல்) கோ வரியை 1.23 ஆக்கினால் அது தானாகவே புதுக் கம்பைலரை இறக்க ஆரம்பிக்கிறது, இங்கே கரண்ட் முறை வைத்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும், பாதியில் லைன் போனால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு பக்கம் 1.21 என்கிறார்கள், இன்னொரு பக்கம் 1.23 என்கிறார்கள். உண்மையில் எப்போதுதான் சேர்ந்தது?

இராவதிக்கரை, யாங்கோன்

1.21-தான். 2023 ஆகஸ்ட். ஸ்லைசஸ், மேப்ஸ், சிஎம்பி, லாக்/ஸ்லாக் நான்கும் அந்த வெளியீட்டில்தான் வந்தன. டெபியன் 12-இல் இருப்பது கோ 1.19, அதனால்தான் உங்கள் நண்பருக்குப் பேக்கேஜே இல்லை என்கிறது. இருப்பதிலேயே புதிய கோவைப் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மௌல்மீன்காரர்

தம்பி, இராவதிக்கரை சொன்ன தேதி சரி. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பாதிப் பதில்தான். நீங்கள் படித்த இரண்டு பக்கங்களும் பொய் சொல்லவில்லை, 1.21 என்பதும் உண்மை, 1.23 என்பதும் உண்மை. ஒரு பேக்கேஜ் சேர்ந்த பதிப்பு வேறு, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபங்க்ஷனும் சேர்ந்த பதிப்பு வேறு. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே ஃபங்க்ஷனைப் பல வகைத் தரவுக்கும் பயன்படுத்த விடும் ஜெனரிக்ஸ் வசதி கோ-வுக்கு வந்தது 1.18-இல், 2022 மார்ச். ஸ்லைஸ், மேப் ஆகியவற்றுக்கான பொதுவான ஃபங்க்ஷன்கள் அப்போதே கம்பைலரோடு சேர்ந்து வரும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். 2021 அக்டோபரில், கோ-வை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் ஒரு முன்மொழிவு வைத்தார்: மொழியிலேயே இவ்வளவு பெரிய மாற்றம் வரும்போது நிலையான நூலகத்தையும் கூடவே மாற்ற வேண்டாம், முதலில் வெளியே வைத்துப் பழகிப் பார்ப்போம் என்று. அது ஏற்கப்பட்டது. அதனால் ஸ்லைசஸும் மேப்ஸும் எக்ஸ்/எக்ஸ்ப்-க்குப் போயின. கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்ற பேக்கேஜ் 1.18-இன் சோதனை வெளியீட்டில் இருந்தே இருந்தது, அதையும் கடைசியில் எடுத்து எக்ஸ்/எக்ஸ்ப்-இல் போட்டார்கள். 2022-இல் எழுதிய கட்டுரைகள் இன்றைக்கும் தேடலில் மேலே வருகின்றன, குழப்பத்துக்கு அது முதல் காரணம்.

எக்ஸ்ப் என்பது பரிசோதனை இடம். 2012 முதல் கோ கொடுத்துவரும் ஒத்திசைவு வாக்குறுதி, அதாவது கோ 1-க்கு எழுதிய நிரல் அடுத்த 1.x பதிப்புகளிலும் உடையாமல் ஓடும் என்பது, எக்ஸ்ப்-க்குப் பொருந்தாது. அங்கே எந்தப் பெயரும் எந்த நாளும் மாறலாம். அதற்கு முறையான பதிப்பு எண்கூடக் கிடையாது, தேதி கோர்த்த கமிட் (சேமித்த ஒவ்வொரு மாற்றம்) எண்தான் உங்கள் கோ.மாட்-இல் இருக்கும், திறந்து பாருங்கள்.

இப்போது 1.21-க்கு வருவோம். உள்ளே வரும்போது இருந்தபடியே வரவில்லை, திருத்தி வந்தன. சார்ட்ஃபங்க் அங்கேதான் மாறியது. எக்ஸ்ப்-இல் நீங்கள் எழுதியபோது அ என்பது ஆ-வை விடச் சிறியதா என்று கேட்டு பூல் வாங்கியது. நிலையான நூலகத்தில் சிறியது என்றால் மைனஸ், சமம் என்றால் 0, பெரியது என்றால் பிளஸ் என்று இன்ட் கேட்கிறது. நீங்கள் எழுதிய சிறியதா என்ற ஒப்பீட்டை எடுத்துவிட்டு சிஎம்பி.கம்பேர் போடுங்கள், போதும். பெயர்களை மட்டும் வரிசைப்படுத்த வேண்டுமென்றால் ஸ்லைசஸ்.சார்ட் ஒன்றே போதும், ஒப்பீட்டு ஃபங்க்ஷனே வேண்டாம்.

கீஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1.21-இன் சோதனை வெளியீடு வந்தபோது மேப்ஸ்.கீஸும் மேப்ஸ்.வேல்யூஸும் அதில் இருந்தன. அதைப் பார்த்து எழுதியவர்கள் 1.21-இல் கீஸ் உண்டு என்று எழுதிவிட்டார்கள். ஆனால் மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் மொழிக்குள் வரப்போகிறது, கீஸ் என்ற நல்ல பெயரை ஸ்லைஸ் திருப்பும் ஃபங்க்ஷனுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு ஒத்திசைவு வாக்குறுதியால் மாற்ற முடியாது என்று 2023 ஜூலையில் பேச்சு வந்தது, கடைசி வெளியீட்டுக்கு முன் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 1.21-இல் வெளிவந்த மேப்ஸில் குளோன், காப்பி, டெலீட்ஃபங்க், ஈக்வல், ஈக்வல்ஃபங்க் ஆகிய ஐந்துதான். 1.22-இலும் கீஸ் வரவில்லை. 2024 ஆகஸ்டில் 1.23 வந்தபோது இட்டர் பேக்கேஜோடு கீஸ் திரும்பி வந்தது, இந்த முறை ஸ்லைஸ் திருப்பாமல் இட்டரேட்டர் திருப்புகிறது. எனவே 1.23-இல் ஸ்லைசஸ்.சார்ட்டட் என்பதற்குள் மேப்ஸ்.கீஸைக் கொடுத்தால் வரிசைப்படுத்திய பெயர்ப் பட்டியல் ஒரே வரியில் வந்துவிடும். ஆனால் எக்ஸ்ப்-இல் செய்ததுபோல மேப்ஸ்.கீஸ் கொடுத்ததை நேரே எடுத்து மூன்றாவது பெயர் எது என்று கேட்டால் கம்பைல் ஆகாது.

ஆக உங்கள் 1.22-இல் பேக்கேஜ் இருக்கிறது, கீஸ் இல்லை. நீங்கள் பார்த்த மூன்று பிழையும் மூன்று வேறு காலத்துப் பிழைகள்.

இனிமேல் வரும் எதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆவணப் பக்கத்தில் பேக்கேஜின் தலைப்பைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு ஃபங்க்ஷன் பெயருக்கும் வலது ஓரத்தில் எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். லைன் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கோ நிறுவிய ஃபோல்டருக்குள் ஏபிஐ என்று ஒரு ஃபோல்டர் உண்டு, அதில் பதிப்புக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அந்தப் பதிப்பில் புதிதாக வந்த ஒவ்வொரு பெயரும் வரிவரியாக அதில் இருக்கிறது. கிரெப் (ஃபைலுக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டுத் தேடினால் ஒரு நொடி வேலை. கூகுளில் தேடுவதைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

பருப்புமண்டி, யாங்கோன்

அண்ணே, மிக்க நன்றி, இப்போதுதான் விளங்குகிறது. ஏபிஐ ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், 1.21 ஃபைலில் நீங்கள் சொன்ன ஐந்தும் இருக்கின்றன, கீஸ் இல்லை.

ஆனால் அடுத்த சிக்கல். என் கணினியை 1.23-க்கு மேலே கொண்டுபோய்விடலாம் என்றே வைத்துக்கொள்வோம். மண்டியில் இருக்கும் கணினி விண்டோஸ் 7. முதலாளி அதை மாற்றுகிற எண்ணத்தில் இல்லை, பிரின்டர் அதில்தான் பழகியிருக்கிறது என்கிறார், அவர் பக்கமும் நியாயம்தான், நாள் முழுக்க லாரி வந்து நிற்கும் இடத்தில் கணினியை மாற்றி விளையாட முடியாது. நான் வீட்டில் கம்பைல் செய்து எக்ஸி ஃபைலை பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுகிறேன். இதில் ஏதாவது பிரச்சினை வருமா?

தாமுவேக்காரி

வரும், அதனால்தான் எழுதுகிறேன். புதிய கோவைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலே இராவதிக்கரை சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் நிரலை உருவாக்கும் கடைசிப் பதிப்பு கோ 1.20. 1.21 முதல் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். நீங்கள் தேடுகிற ஸ்லைசஸும் மேப்ஸும் உள்ளே வந்த அதே 1.21-தான் உங்கள் மண்டிக் கணினியை வெளியே விட்ட பதிப்பும். அதாவது அந்த எக்ஸி-யைப் பொறுத்தவரை இந்த நூலகம் சேரவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வீட்டில் புதுக் கம்பைலரால் உருவாக்கிவிட்டு அங்கே கொண்டுபோய் ஓட்டினால் கம்பைல் நேரத்தில் ஒரு எச்சரிக்கையும் வராது. மண்டியில் இரட்டைச் சொடுக்கும்போதுதான் தெரியும், அதுவும் ஆள் கூட்டம் நிற்கும் நேரத்தில். இதை நீங்கள் முன்கூட்டியே கேட்டது எவ்வளவோ நல்லது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கோ 1.20-இன் கடைசித் திருத்தமான 1.20.14-ஐ தனி ஃபோல்டரில் விரித்து வைத்துக்கொண்டு இந்த ஒரு நிரலை மட்டும் அதனால் கம்பைல் செய்வது. உபுண்டுவிலிருந்தே விண்டோஸுக்கு எக்ஸி எடுக்கலாம், கோ-ஓஎஸ் என்ற சூழல் மாறிக்கு (கட்டளைகள் படித்துக்கொள்ளும் கணினி அமைப்பு) விண்டோஸ் என்று கொடுத்தால் போதும். எக்ஸ்ப்-ஐ 2023 ஜூன் வாக்கிலான கமிட்டில் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். லேட்டஸ்ட் என்று கேட்டு இறக்கினால் அங்கேயும் சார்ட்ஃபங்க் இன்ட் கேட்கிற வடிவத்துக்கு மாறியிருக்கும், உங்கள் பழைய வரிகள் உடையும். கோ மாட் வெண்டர் என்ற கட்டளையை ஒரு தடவை ஓட்டிவிட்டால் அந்த நூலகத்தின் நகல் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே வந்துவிடும், பிறகு லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பைல் ஆகும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்த வழி. இந்த வேலைக்கு நூலகமே வேண்டாம். மேப்பின் மேல் ஒரு ஃபார் ரேஞ்ச் சுற்று, ஒவ்வொரு பெயரையும் ஒரு ஸ்லைஸில் அப்பெண்ட், கடைசியில் சார்ட்.ஸ்ட்ரிங்ஸ். நான்கைந்து வரிதான். சார்ட் பேக்கேஜ் கோ 1.0-இலிருந்தே இருக்கிறது, 1.20-இலும் ஓடும், இன்று வெளியான பதிப்பிலும் ஓடும். மண்டிக் கணக்கு போன்ற ஒன்றை இன்னும் பத்து வருஷம் யார் யாரோ திறந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எக்ஸ்ப் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியமே வராது.

ஒன்று மட்டும் அந்த முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். கோ-வில் ஒரு பதிப்புக்கு மேல் இரண்டு புதிய பதிப்பு வந்ததும் பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிடும், 1.20-க்கு 2024 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. மண்டிக் கணினியை இணையத்தில் கோக்காத வரை இந்த நிரலுக்கு அது பெரிய கேடு இல்லை. நாளைக்கு வங்கிக் கணக்கோடு சேர்க்க வேண்டும் என்றால் முதலில் கணினியை மாற்றச் சொல்லுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மௌல்மீன்காரர்

தாமுவேக்காரி சொன்னது முழுக்க சரி, விண்டோஸ் 7 என்று தெரியாமல் நான் எழுதியதற்கு இது தேவையான திருத்தம்.

தானாக இறங்குகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 1.21-க்கு முன் கோ.மாட்-இல் உள்ள கோ வரி ஒரு குறிப்பு மட்டும்தான், பழைய கம்பைலர் அதைப் படித்துவிட்டு முயன்று பார்க்கும். 1.21 முதல் அது கட்டாயம். உங்களிடம் 1.22 இருந்து வரி 1.23 என்றால் அது 1.23-ஐத் தேடி இறக்கும், சுமார் 70 எம்பி. மொபைல் டேட்டாவில் அது நடந்தால் வயிறு எரியும். கோடூல்செயின் என்ற சூழல் மாறிக்கு லோக்கல் என்று கொடுத்துவிடுங்கள், பிறகு இறக்காது, இந்தப் பதிப்பு போதாது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். என் கணினியில் அதை நிரந்தரமாகவே அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் இடறுவது இங்கேதான். கோ வரி 1.20 என்று வைத்துவிட்டால் 1.20-இல் இருப்பதை மட்டும்தான் கம்பைலர் அனுமதிக்கும் என்று நினைக்காதீர்கள். மொழி அம்சங்களை அந்த வரி கட்டுப்படுத்தும், உதாரணமாக மின், மேக்ஸ் ஆகிய இரண்டும் 1.21-இல் மொழிக்குள் வந்தவை, வரி 1.20 என்றால் அவை கிடைக்காது. ஆனால் நிலையான நூலகத்தை அது கட்டுப்படுத்தாது. 1.23 கம்பைலரை வைத்துக்கொண்டு, கோ வரி 1.20 என்று போட்டு, மேப்ஸ்.கீஸை அழைத்தால் சத்தமே இல்லாமல் கம்பைல் ஆகும். அதே நிரலை டெபியன் 12 வைத்திருக்கும் உங்கள் நண்பரிடம் கொடுத்தால் உடையும். 1.23 முதல் கோ வெட் (நிரலில் தவறு தேடும் கட்டளை) இதைப் பார்த்துச் சொல்கிறது, ஆனால் வரி 1.21-க்குக் கீழே இருந்தால் அதுவும் வாய் திறக்காது. அதனால் 1.20-இல் ஓட வேண்டும் என்றால் 1.20 கம்பைலராலேயே ஒரு தடவை கம்பைல் செய்து பார்ப்பதைத் தவிர வேறு உறுதி கிடையாது.

இராவதிக்கரை, யாங்கோன்

விண்டோஸ் 7 விஷயம் எனக்குப் புதிது, நன்றி அக்கா. ஜேசன் தரவைக் கையாளும் பேக்கேஜின் புதிய வடிவமான ஜேசன் வி2-வும் இதே மாதிரிதானா அண்ணே? 1.25-இல் சேர்ந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார், என் 1.25-இல் இம்போர்ட் செய்தால் கிடைக்கவில்லை.

மௌல்மீன்காரர்

கிட்டத்தட்ட அதே மாதிரிதான். 2025 ஆகஸ்டில் வந்த 1.25-க்குள் அதன் நிரல் இருக்கிறது, ஆனால் மூடி வைத்திருக்கிறார்கள். கோஎக்ஸ்பெரிமென்ட் என்ற மாறிக்கு ஜேசன்வி2 என்று கொடுத்துக் கம்பைல் செய்தால்தான் திறக்கும். அந்த நிலையில் ஒத்திசைவு வாக்குறுதி அதற்குக் கிடையாது, எனவே சேர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இட்டரேட்டர் மேல் ரேஞ்ச் போடும் வசதியும் 1.22-இல் இப்படித்தான் மூடி வந்தது, 1.23-இல் திறந்தார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக வருஷத்துக்கு இரண்டு வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் சுமார் மூன்று மாதம் முன்பே புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். முன்மொழிவு ஏற்கப்பட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு அடுத்த வெளியீட்டில் வரும் என்று வாடிக்கையாளரிடம் தேதி சொல்லாதீர்கள்.

பருப்புமண்டி, யாங்கோன்

1.20.14-ஐ ஒரு இடத்தில் வைஃபை கிடைத்தபோது இறக்கி வைத்துக்கொண்டேன். அக்கா சொன்ன மாதிரி ஃபார் சுற்றும் சார்ட்.ஸ்ட்ரிங்ஸும் போட்டு எழுதிவிட்டேன், எக்ஸ்ப் வரி கோ.மாட்-இலிருந்தே போய்விட்டது. மண்டியில் ஓடுகிறது, தாளும் வருகிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. சரக்குப் பெயர்கள் சரியாக வருகின்றன, வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் போட்டால் பழனி முதலிலும் பவானி பிறகும் வருகிறது. முதலாளி அகராதி வரிசைதான் வேண்டும் என்கிறார். இதற்கு நிலையான நூலகத்தில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா?

தாமுவேக்காரி

சேரவில்லை. சார்ட்.ஸ்ட்ரிங்ஸ் பைட் வரிசையில் பார்க்கும். யூனிகோடில் ழ-வுக்கு அடுத்துத்தான் வ வருகிறது, நம் வரிசையில் வ முதலில், ழ பிறகு. ல, ள, ற, ன எல்லாவற்றிலும் இதே தொல்லை வரும். இதற்கு கோலாங்.ஆர்க்/எக்ஸ்/டெக்ஸ்ட்-இல் கொலேட் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, தமிழ் என்று சொல்லி உருவாக்கினால் அகராதி வரிசையில் அடுக்கித் தரும். அது இன்றைக்கும் வெளியில்தான் இருக்கிறது. 1.20-இல் கம்பைல் ஆகும் பழைய பதிப்பாகப் பார்த்து இறக்கி, வெண்டர் செய்து உங்கள் ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட்டுக்கு முறையான பதிப்பு எண் உண்டு, எக்ஸ்ப் மாதிரி தேதியைத் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு பதிப்பின் கோ.மாட்-இலும் கோ வரி என்ன என்று பாருங்கள், 1.20 அல்லது அதற்குக் கீழே இருப்பதில் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.